தலைமையாசிரியருக்கு முளைத்த முடி

பிள்ளைகள் 'பேனர் அக்கா' என்று கூப்பிடும் அவள், போட்டோ ஸ்டுடியோவில் கல்யாண பேனர்களுக்காக வருடக்கணக்கில் மாப்பிள்ளைகளின் முகப்பருவை அழித்தே பிழைத்தவள். இப்போது பள்ளி விட்டதும் கம்ப்யூட்டர் அறையில் பிள்ளைகளுக்கு டிசைன் சொல்லிக்கொடுக்கிறாள்.

ஆண்டு விழா போஸ்டர் வேலையை அவர்களிடம் ஒப்படைத்த தலைமையாசிரியர், தயங்கித் தயங்கி அவளிடம், "என் படத்துல கொஞ்சம் முடி வெச்சிடுங்கம்மா" என்றார். பிள்ளைகளுக்கோ கேட்கவே வேண்டாம். ஆளுக்கொரு கற்றையாக நட்டு, நெற்றியில் ஒரு சுருளும் தொங்கவிட்டார்கள்.

"நிழல் விழணும்டி, இல்லேன்னா தொப்பி மாட்டின மாதிரி இருக்கும்" என்று அக்காவும் கூட்டுச் சேர்ந்துகொண்டாள்.

போஸ்டர் வாசலில் ஏறியது. விழாவுக்கு வந்த அவருடைய மனைவி அதன் முன்னால் நின்று, "யாருங்க இது, புதுசா வந்திருக்கிறவரா? ஆள் லட்சணமா இருக்காரே!" என்றாள். பக்கத்தில் நின்ற கணவருக்கு வழுக்கை உச்சிவரை சிவந்துவிட்டது. பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள்.

தன் சீட்டு கிழிந்தது என்றே அக்கா நினைத்தாள். மறுநாள் மாலை அவர் வகுப்புக்கே வந்து நின்றார், கையில் தன் கல்யாண போட்டோவோடு.

"இதுல முடி சொந்தம்தாம்மா. பக்கத்துல இளிச்சிட்டு நிக்கிறானே மச்சான், அவனை மட்டும் தூக்கிடலாமா?"

அக்கா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காருங்க சார். மவுஸை நீங்களே பிடிங்க."