அப்பா காட்டிய மங்களூர்

எங்கள் அப்பாவுக்கு மங்களூர் தண்ணி பட்ட பாடு என்பதில் எங்கள் வீட்டில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. அவர் கேஸ் டேங்கர் ஓட்டிக்கொண்டிருந்தார். நாமக்கல்லில் வண்டி எடுத்தால் நேராக மங்களூர் துறைமுகம். அங்கே லோடு ஏற்றி எங்கெங்கோ இறக்கிவிட்டு மறுபடியும் மங்களூர். வீட்டுக்கு வரும் நாட்களில் அவர் பேச்சில் பாதி அந்த ஊராகத்தான் இருக்கும். நான் அதனுடன் கடல், கப்பல், திமிங்கலம் எல்லாம் என் பங்குக்குச் சேர்த்து ஐந்தாம் வகுப்பு முழுக்க அளந்துவிட்டிருந்தேன்.

முழுப்பரீட்சை லீவில் பெரியம்மா குடும்பத்தோடு வேன் பிடித்து டூர் போவதென்று பேச்சு வந்தது. பெரியப்பா ஊட்டி என்றார். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

"மங்களூருன்னா கைடே வேண்டாமுங்க மாமா. எங்கூட்டுக்காரருக்கு அங்க சந்து பொந்தெல்லாம் அத்துபடிங்க."

பெரியப்பா ராசிபுரத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். எதையும் விரித்துப் பார்க்காமல் நம்ப மாட்டார். "சரி, சகலை காட்டறதப் பாத்துப்போடலாம்" என்று ஒரு சிரிப்புச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

வேனுக்கென்று தனியாக டிரைவர் இருந்தார். ஆனாலும் கிளம்பும்போது சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தது அப்பாதான். டீக்கு நிறுத்திய இடத்திலெல்லாம் இறங்கி டயரைத் தட்டிப் பார்த்ததும் அவர்தான். டிரைவருக்கு அதில் கொஞ்சம் மனத்தாங்கல்.

மங்களூர் வந்ததும் அப்பா முன்சீட்டுக்கு மாறி வழி சொல்ல ஆரம்பித்தார். ஓரிடத்தில்கூடத் தடுமாறவில்லை. நான் பெரியப்பாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டேன். முதலில் வேன் நின்ற இடம், லாரிகளை எடை போடும் மேடை. "எத்தாப் பெரிய வண்டியா இருந்தாலும் கிலோ சுத்தமாச் சொல்லிப்போடும்" என்றார் அப்பா. அடுத்தது ஒரு பஞ்சர் கடை. கடைக்காரர் ஓடிவந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அப்பா அவரிடம் கன்னடத்தில் விளாசியதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அதற்கடுத்து, டேங்கர்கள் வரிசைகட்டி நிற்கும் ஒரு பொட்டல்.

"இங்கதான் சாமி அப்பா படுத்துக் கெடப்பேன். எப்ப லோடுக்குக் கூப்புடுவாங்கன்னு தெரியாது. வண்டிய உட்டு நகர முடியாது."

பெரியம்மா மரியாதைக்கு அந்தப் பொட்டலையும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டாள். பெரியப்பாதான் கேட்டார்.

"ஏனுங் சகலை, எல்லாம் நல்லாத்தான் இருக்குது. கடல் எங்கீங்க?"

அப்பா துறைமுகத்தின் நீளமான மதில்சுவரைக் காட்டினார். "அதுக்கு அந்தப்பக்கந்தானுங்க. ராத்திரியில சத்தம் நல்லாக் கேக்கும்."

பெரியப்பா வேன் குலுங்கச் சிரித்தார். அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கடலைப் பார்க்காமல் ஊர் திரும்பினால் நான் எந்த முகத்தோடு ஆறாம் வகுப்புக்குப் போவேன்?

அப்பா இறங்கிப்போய் டீக்கடையில் விசாரித்துவிட்டு வந்தார். ஆற்றங்கரையில் படகுத்துறை இருக்கிறதாம். படகேறி ஆற்றைக் கடந்தால் அந்தக் கரையில் கடற்கரை. போய்ச் சேர்ந்தோம். வெயிலில் ஆறு கண்ணைக் கூசவைத்தது. பரமத்தி வேலூர்க் காவிரி அகலமா இது அகலமா என்று அம்மாவும் பெரியம்மாவும் வாதாடிக்கொண்டே படகுக்கு நடந்தார்கள். அப்பா மட்டும் வேன்மீது சாய்ந்து நின்றுவிட்டார்.

"நீங்கெல்லாம் போயிட்டு வாங்க. வண்டிகிட்ட ஒரு ஆளு வேணுமில்ல?"

வழியெல்லாம் அடக்கி வைத்திருந்தது டிரைவருக்கு வாய்க்கு வந்துவிட்டது. "அப்பறம் நான் எதுக்குங்ண்ணா இருக்கறேன்? போங்கண்ணா, உங்க வண்டியா இது?"

அப்பா தோள் துண்டை உதறி மறுபடி போட்டுக்கொண்டார். நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். "நீங்க வராட்டிக் கடலை எங்களுக்கு யாருங்ப்பா காட்டறது?"

அக்கரையில் மரங்களைத் தாண்டியதும் கடல் வந்துவிட்டது. பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டி முதல் ஆளாக இறங்கி, முதல் அலையிலேயே விழுந்தார். அம்மாவும் பெரியம்மாவும் சேலையை முழங்கால்வரை தூக்கிக்கொண்டு சின்னப் பிள்ளைகளாகக் கத்தினார்கள். மாங்காய்த் துண்டு விற்றார்கள், ஒட்டகம்கூட ஒன்று நடந்து போனது. இந்தக் குஷியில் எங்கள் கைடை எல்லோரும் மறந்துவிட்டோம்.

நான் தேடியபோது அவர் ஈர மணல் ஆரம்பிக்கும் இடத்தில் செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். ஓர் அலை வந்தது, பின்னால் நகர்ந்தார். அடுத்த அலைக்கு நகரவில்லை. குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளி நாக்கில் வைத்தார்.

"கரிக்குது சாமி" என்றார் என்னிடம். "அட, நெசமாலுமே கரிக்குது!"

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பெரியப்பாவைக் கூப்பிட்டு, அப்பா செய்வதைப் பார்க்கச் சொன்னேன். சொட்டச் சொட்ட வந்த பெரியப்பா ஏனோ சிரிக்கவில்லை. அப்பாவின் செருப்பை வாங்கி என்னிடம் கொடுத்தார். "வாங்க சகலை, உள்ள போலாம்" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் கைகோத்து அலைக்குள் போனதை நான் செருப்பும் கையுமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பள்ளி திறந்ததும் ஆறாம் வகுப்பில் எல்லாவற்றையும் சொன்னேன். எங்களைச் சிரிக்க வைப்பதற்காக, கடலையே பார்த்திராதவர்போல அப்பா எவ்வளவு அழகாக நடித்தார் என்பதையும் நடித்தே காட்டினேன். அதைப் பெரியப்பாகூட நம்பிவிட்டார், பாவம் என்றேன்.