சித்தேரி போகும் வழியில் பார்த்த கிராம சபை

மே தின விடுமுறையில் சித்தேரி மலைக்குப் போவது என்று முடிவுசெய்து, காலை பத்து மணிக்குப் பொம்மிடி ரயில் நிலையத்தில் இறங்கி அரூர் பேருந்தில் ஏறினேன். பாதி வழியில் டயர் வெடித்தது.

"ஸ்டெப்னி இல்லீங்க. டிப்போவுலருந்து வரணும், ஒரு மணி நேரமாவது ஆவும்" என்றார் நடத்துநர்.

எதிரே பள்ளி வளாகத்தில், சாமியானாவுக்குக் கீழே கிராம சபை நடந்துகொண்டிருந்தது. நிழலுக்காகப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். (ஊர்ப் பெயர் வேண்டாம், காரணம் படித்தால் தெரியும்.)

குடிநீர்ப் பிரச்சினையைப் பேசி முடித்ததும் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் எழுந்தார். "பஸ் ஸ்டாப்புகிட்ட ஒரு வூட்டுல தப்புத்தொழில் நடக்குது. அந்த மாதிரி பொம்பளைங்களுக்கு யாரும் வூடு வாடகைக்கு விடக்கூடாதுன்னு தீர்மானம் போடுங்க."

"அதுக்கு சென்ட்ரல் சட்டம் இருக்குதுங்க. பஞ்சாயத்துக்கு அதிகாரம் இல்ல" என்றார் சபையை நடத்திய ஊராட்சித் தலைவரம்மா.

"டெல்லியில சட்டம் போடறவனுக்கு நம்ம தெரு தெரியுமா? நம்ம ஊருக்கு நாமதான் முடிவு பண்ணணும்!"

கைதட்டல். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

பெண்கள் வரிசையிலிருந்து நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் எழுந்தார். "அந்த வூட்டுல இருக்கறது நான்தாங்க."

முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான் பண்றது சரின்னு சொல்ல வரல. போலீஸ் புடிச்சா கோர்ட்டுல போய்ப் பேசலாம். நீங்களே சட்டம் போட்டா யாருகிட்டங்க போவேன்? பக்கத்து வூட்டுக்காரரே புகார் குடுப்பாரு, அவரே தீர்ப்பும் சொல்லுவாரு." கூட்டத்தை நிதானமாகப் பார்த்தார். "என் வூட்டுக்கு வந்தவங்க சில பேரு இங்க இருக்கறீங்க. பேரு சொல்ல மாட்டேன். குடிச்சிட்டு வந்து என் கதவை ஒதைக்கறாங்களே, அதைத் தடுங்க. பஸ் ஸ்டாப்புல லைட்டு போடுங்க. அதுக்கு அதிகாரம் இருக்குதில்ல?"

ஊரே கூடியிருக்கும் இடத்தில், பெயர் சொல்லி யாரும் கூப்பிடாதபோது தானாக எழுந்து நிற்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

"வாடகைத் தீர்மானத்துக்குச் சம்மதிக்கறவங்க கை தூக்குங்க" என்றார் தலைவரம்மா. வெள்ளைச் சட்டைக்காரர் மட்டும் தூக்கினார். சுற்றிப் பார்த்துவிட்டு மெல்ல இறக்கிக்கொண்டார். தெருவிளக்குத் தீர்மானம் நிறைவேறியது. அந்தப் பெண் உட்கார்ந்தார். பக்கத்திலிருந்தவர் தண்ணீர் பாட்டிலை அவரிடம் நீட்டினார்.

மதியம் சித்தேரியில், அடுக்கடுக்கான மலைகளைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றேன். இந்தச் சட்டத்தை டெல்லி எழுதுவதா, ஊர் எழுதுவதா என்று எனக்கு இன்னும் தெளிவில்லை. ஊருக்குத் தெரு தெரியும். அந்தத் தெருவில் அந்தப் பெண்ணும் குடியிருக்கிறார்.

போகிறவர்களுக்கு: அரூரிலிருந்து சித்தேரிக்கு மலைப் பேருந்துகள் குறைவு, திரும்பும் நேரத்தை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் எடுத்துப் போங்கள். வழியில் கிராம சபை நடந்தால் ஓரமாக உட்கார்ந்து கேளுங்கள். தயவுசெய்து படம் மட்டும் எடுக்காதீர்கள்.