மாடி வீட்டு டிரம் செட்டின் விலை

சேலையூரில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்துக்குச் சங்கச் செயலாளர் நான். வணிகவரித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால், தண்ணீர் லாரியின் ரசீது முதல் லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம் வரை எல்லாவற்றுக்கும் என் வாயைத்தான் பார்ப்பார்கள். சிலர் மரியாதையாக; பலர், இவர் சீக்கிரம் பேசி முடித்தால் தேவலை என்று.

எனக்கு நேர் மேல் வீட்டில் ஒரு தம்பி இருக்கிறார். ஓ.எம்.ஆரில் கணினி வேலை. சனி, ஞாயிறு மாலைகளில் டிரம் வாசிப்பார். அப்போது எங்கள் வீட்டு மின்விசிறி லேசாகத் தலையாட்டும். சங்கத்துக்குப் புகார் எழுதலாம் என்றால், அதைப் பெற்றுக்கொண்டு பரிசீலிக்க வேண்டியவனும் நானே. "உங்க குறட்டைக்கு அது தேவலை, தாளமாவது இருக்கு" என்பது என் மனைவியின் கருத்து.

ஆனால் அந்த டிரம் செட்டை விற்கச் சொன்னது நான் இல்லை, அவருடைய மனைவி. வளைகாப்பு முடிந்து மடிப்பாக்கத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்குக் கிளம்பும்போது, காரில் ஏறி உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கிவிட்டு அந்தப் பெண் சொன்னாள்: "தை பொறந்ததும் கொழந்தையோட வருவேன். அந்தச் சின்ன ரூம் காலியா இருக்கணும். இல்லேன்னா டிரம்ஸோடயே குடும்பம் நடத்துங்க. நான் அம்மா வீட்லயே இருந்துக்கறேன்."

வழியனுப்ப வந்த நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை.

குழந்தை பிறந்து, எங்களுக்கு இனிப்பு கொடுக்க வந்தபோதுதான் தம்பி பேச்சை எடுத்தார். "அங்கிள், அதுக்கு என்ன விலை போடலாம்?"

விலை நிர்ணயம் எனக்குப் பிடித்த காரியம். வாங்கிய விலையை எழுதி, வருடா வருடம் தேய்மானம் கழித்து, விளிம்பில் விரிசல் விட்டிருந்த தாளத் தட்டுக்கு ஒரு தொகையைக் குறைத்து, முப்பதாயிரம் என்று சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போய், பழைய பொருள் விற்கும் செயலியில் அறுபதாயிரம் என்று போட்டார்.

"மீதி முப்பது எதுக்கு தம்பி?"

"சென்டிமென்ட் அங்கிள்."

நான் படித்த எந்தச் சட்டத்திலும் அதற்கு இடம் இல்லை.

விளம்பரம் போட்டதும் விசாரணைகள் வந்தன. ஊரில் ஒருவரும் முதல் விலை கேட்பதில்லை; எல்லோருடைய முதல் வாக்கியமே "லாஸ்ட் பிரைஸ் சொல்லுங்க ப்ரோ" தான். மேடவாக்கத்திலிருந்து ஒருவர் பதிலுக்கு மீன் தொட்டி தருவதாகச் சொன்னார், மீன்களோடு. நேரில் வந்தவர்களும் உண்டு. தம்பி அவர்களை உட்கார வைத்து, வாசிக்கச் சொல்லி, முகம் பார்த்து, ஊர் விசாரித்து அனுப்பிவிட்டு, கீழே வந்து என்னிடம் குறை சொல்வார். "ஸ்டிக்கைக் கரண்டி மாதிரி புடிக்கிறான் அங்கிள்." "பெடலைச் செருப்புக் காலால மிதிச்சான் அங்கிள்." அவர் பொருளை விற்கவில்லை, பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குப் புரிய ஆரம்பித்தது.

சரி, கடையில் கேட்போம் என்று குரோம்பேட்டைக்கு அழைத்துப் போனேன். பழைய கிட்டாரும் கீபோர்டும் சுவர் முழுக்கத் தொங்கிய கடை. கடைக்காரர் படங்களைக் கைபேசியில் பார்த்துவிட்டு, "பதினஞ்சு தரேன் சார். டாக்ஸ் வேற கட்டணுமே" என்றார்.

"முழு விலைக்கா கட்டறீங்க, மார்ஜினுக்கா?" என்று கேட்டேன். பழைய பொருளை வாங்கி விற்கும் வியாபாரி, வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் வரி கட்ட வழி இருக்கிறது. நஷ்டத்துக்கு விற்றால் அதுவும் இல்லை.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சார் டிபார்ட்மென்டா?"

"ரிட்டையர்டு."

உடனே டீ வந்தது. விலை இருபதானது. ஓய்வுக்குப் பிறகு என் பேச்சால் உயர்ந்த ஒரே தொகை அது. பெருமையோடு திரும்பிப் பார்த்தால், தம்பி வெளியே போய்ப் பைக்கில் உட்கார்ந்திருந்தார். "இருபதுக்கு அதை இந்தக் கூட்டத்துல தொங்க விட முடியாது அங்கிள்" என்றார்.

கிறிஸ்துமஸ் நெருங்கும்போது கிழக்குத் தாம்பரத்தில் உள்ள ஒரு கிறிஸ்தவ சபையின் பொருளாளர் வந்தார். ரயில்வே கணக்குப் பிரிவில் ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் இரண்டு நிறத்தில் பேனா. பார்த்ததுமே எனக்குப் பிடித்துப்போயிற்று. செட்டைச் சுற்றி வந்தார், எதையும் தட்டிப் பார்க்கவில்லை.

"அறுபதா? சரி. கர்த்தர் காரியத்துல பேரம் பேசக் கூடாது."

தம்பியின் முகத்தில் ரத்தமே இல்லை.

"ஜி.எஸ்.டி. பில் மட்டும் குடுத்துடுங்க" என்றார் பொருளாளர்.

ரத்தம் திரும்பி வந்தது.

நான் குறுக்கிட்டேன். "இவர் வியாபாரி இல்ல சார். வீட்டுல வெச்சிருந்த சொந்தப் பொருளை விக்கிறார். இதுக்கு வரியும் கெடையாது, வரி பில்லும் கெடையாது. ஸ்டாம்ப் ஒட்டி ரசீது தருவார்."

"ரசீது வேற, பில் வேற சார்."

"சட்டப்படி..."

"அது உங்க சட்டம். வரி பில் இல்லாம எதுவும் வாங்கக் கூடாதுன்னு எங்க கமிட்டில தீர்மானம் இருக்கு."

"அதைத் திருத்தலாமே?"

"எழுதினதே நான்தான் சார்."

இதற்கு மேல் என்ன பேசுவது? ஆனாலும் பேசினோம். தம்பி உற்சாகமாக எங்களுக்குக் காபி போட்டுக் கொண்டுவந்தார். "ரூல்னா ரூல்தான் அங்கிள். பாவம், அவரைச் சங்கடப்படுத்த வேணாம், விட்டுடலாம்" என்றார். சட்டத்தின் மீது அவருக்கு அவ்வளவு பக்தி இருந்தது அன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்த நேரம் பார்த்து மடிப்பாக்கத்திலிருந்து வீடியோ அழைப்பு. "ரூமைக் காட்டுங்க" என்றாள் அந்தப் பெண். அவர் கைபேசியைத் திருப்பினார். இரண்டு கிழவர்கள், மூன்று காபி டம்ளர், பின்னால் முழு டிரம் செட்.

"இன்னும் இருக்கா?" என்று கேட்டாள். பிறகு, "சரி." இணைப்பு துண்டிக்கப்பட்டது.

பொருளாளர்தான் மெதுவாகச் சொன்னார்: "தம்பி, எனக்கும் கல்யாணம் ஆகி ரொம்ப வருஷம் ஆச்சு. அது நல்ல 'சரி' இல்ல."

தம்பி டிரம் வாசிக்க உட்காரும் வட்டமான சின்ன முக்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்தார். விளையாட்டு முடிந்துவிட்டது என்று அவருக்கும் தெரிந்தது. வழி ஒன்று எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். வாதத்தில் ஜெயிக்கும் ஆசையில் தோன்றவில்லை.

"வித்தாதானே பில்லு? இரவலா எடுத்துட்டுப் போங்க சார்" என்றேன்.

பொருளாளரின் கண்கள் விரிந்தன. செலவே இல்லாத ஒரு காரியம்! "தீர்மானமே வேணாம்!"

"அப்போ அது யாரோடது?" என்றார் தம்பி.

"உங்களோடதுதான். இருக்கற எடம் மட்டும் மாறுது."

"டியூனிங் நான்தான் பண்ணுவேன். வேற யாரும் கை வைக்கக் கூடாது."

"கை வைக்க ஆள் இல்லாமதான் தம்பி தவிக்கிறோம். வாசிச்சுக்கினு இருந்தவர் கோயமுத்தூருக்கு மாத்தலாயிட்டார். நீங்களே வந்துடுங்க."

அன்றே இரவல் ஒப்பந்தம் ஒன்று எழுதி இருவரிடமும் கையெழுத்து வாங்கினேன். அடுத்த நாளே குட்டி யானை வண்டி வந்தது. ஒவ்வொன்றாக இறங்குவதைப் பார்த்த ஓட்டுநர், "இன்னா சார், அண்டா குண்டான் எல்லாம் கீது, கேட்டரிங்கா?" என்றார். தம்பி பதில் சொல்லாமல் பெரிய டிரம்மை மடியில் வைத்துக்கொண்டு பின்னாலேயே ஏறி உட்கார்ந்துகொண்டார்.

தை பிறந்தது. குழந்தையோடு அந்தப் பெண் வந்தாள். நானும் மனைவியும் பார்க்கப் போனபோது, சின்ன அறையில் தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. தம்பி வீட்டில் இல்லை, சனிக்கிழமை ஒத்திகை.

"ஒப்பந்தம் எழுதிக் குடுத்தீங்களாமே அங்கிள்? எப்போ திருப்பித் தரணும்னு இருக்கா?"

"சொந்தக்காரர் எப்போ கேட்டாலும் தரணும்னு இருக்கும்மா."

தொட்டிலை ஒரு முறை ஆட்டிவிட்டு யோசித்தாள். "அதுல 'மனைவி சம்மதத்தோட'ன்னு சேர்த்துடுங்க."

திருத்தம் என்றால் இரு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும் என்று விளக்கினேன். "போடுவார்" என்றாள். மறுநாள் ஆராதனை முடிந்ததும் சபை வாசலில் காகிதத்தை நீட்டினேன். பொருளாளர் ஒரே மூச்சில் படித்துவிட்டு, கேள்வி கேட்காமல் முதலில் போட்டார். தம்பி இரண்டு தடவை படித்தார்.

"இதை மீறினா சட்டத்துல என்ன தண்டனை அங்கிள்?"

"சட்டத்துல ஒண்ணும் இல்ல தம்பி."

புரிந்துகொண்டு பேனாவை வாங்கினார்.