தாத்தா சொதி வைத்த கோடை

நான் ஒன்றாம் வகுப்பு முடித்திருந்த கோடை விடுமுறையில் ஆச்சி தாத்தாவுக்குச் சமையல் சொல்லிக்கொடுத்தாள். கொக்கிரகுளத்து வீட்டில் அவர்கள் இருவர்தான். அம்மாவும் நானும் சென்னையிலிருந்து வந்திருந்தோம். ஆச்சிக்கு வயிற்றில் புண், மருந்து சாப்பிட்டால் ஆறிவிடும் என்று என்னிடம் சொல்லியிருந்தார்கள். நானும் நம்பியிருந்தேன்.

தாத்தா கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். குடிக்கத் தண்ணீர்கூடத் தானாக மோந்து பழகாதவர். கல்யாணமான நாளிலிருந்து வெந்நீர் எடுத்து வைப்பது முதல் சட்டைப் பொத்தான் தைப்பதுவரை எல்லாம் ஆச்சிதான். அப்படிப்பட்டவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்பு முன்னால் நிற்பதும், ஆச்சி நாற்காலியில் சாய்ந்தபடி ஏவுவதும் எனக்கு நல்ல வேடிக்கையாக இருந்தது.

காப்பி, சோறு, ரசமெல்லாம் ஒருவழியாக வந்துவிட்டன. சொதிதான் வரவில்லை. காய் வெந்ததும் கடைசியாகத் தேங்காயின் முதல் பாலை ஊற்றி, கொதி வருமுன் இறக்க வேண்டும். தாத்தா ஒவ்வொரு தடவையும் கொதிக்க விட்டுவிடுவார். பால் திரிந்துபோகும். நான் கைகொட்டிச் சிரிப்பேன்.

“கொதிக்க விடாதியன்னு எத்தனை மட்டம் சொல்லுதேன்” என்பாள் ஆச்சி.

“எனக்குப் பிடிபட மாட்டேங்கு. நீ பக்கத்துல இருந்து சொன்னாத்தான் வரும்.”

ஒருநாள் மறுபடியும் திரிந்தபோது ஆச்சி ஏசவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

“இப்படி இருந்தா உங்களை விட்டுட்டு நான் எப்படிப் போவேன்?”

“எங்க போறீங்க ஆச்சி?” என்று கேட்டேன்.

“எங்க அம்மை வீட்டுக்கு.”

“நானும் வரேன்.”

தாத்தா கரண்டியை வைத்துவிட்டுப் புறவாசலுக்குப் போய்விட்டார். ஆச்சி என் தலையைத் தடவினாள். “நீ பைய வந்தாப் போதும்மா.”

பிறகு அவளால் நாற்காலி வரைகூட வர முடியவில்லை. படுத்த இடத்திலிருந்தே, “அடுப்பை அமத்திட்டியளா?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் திறக்குமுன்பே இறந்துபோனாள்.

காரியங்கள் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பியபின், அம்மா தாத்தாவைச் சென்னைக்குக் கூப்பிட்டாள். அவர் சமையலறைக்குப் போய்த் தனியாகச் சொதி வைத்தார். பால் துளிகூடத் திரியவில்லை. ஒரு வாய் சாப்பிட்ட அம்மா அப்படியே நிமிர்ந்து பார்த்தாள். ஆச்சியின் கைப்பக்குவம்.

“இது எப்பப்பா வந்தது உங்களுக்கு?”

“மொத நாளே பிடிபட்டுட்டு” என்றார் தாத்தா. “தெரிஞ்சுட்டுன்னு சொன்னா, அவ போயிருவாள்னு நெனச்சேன். நிம்மதியில்லாமப் போக விட்டுட்டேன்.”

அம்மா தட்டை வைத்துவிட்டு எழுந்துபோய்ச் சுவரோரம் நின்று அழுதாள். பச்சைமிளகாய் கூடிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து, நான் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.