சுகந்தியின் ரைஃபிளில் பின்பக்கம் வந்த புகை

1. பலகை ஏறவில்லை

துப்பாக்கிச் சத்தம் எனக்குப் பழகிப்போனது. தென் லண்டனில், ஸ்ட்ரெதம் பக்கத்துப் பின்தெரு ஒன்றில், துப்பாக்கி திருத்தும் பட்டறையில் இருபது வருஷத்துக்கு மேலாக வேலை செய்கிறேன். செக்பொயின்றில் துப்பாக்கியைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டு நடக்கிற ஊரிலிருந்து வந்தவன், இந்த வேலைக்கு வந்து சேர்ந்தது தனிக் கதை. சூட்டு மேட்ச் நாட்களில் டூல் பாக்ஸோடு ரேஞ்சுக்குப் போவேன். யாருடைய ரைஃபிளாவது இடக்குப் பண்ணினால் பார்த்துக் கொடுக்க வேண்டும்.

அன்றைக்குக் கேட்டது நான் அறியாத சத்தம். முன்னால் போகவேண்டியது பின்னால் திரும்பியது போல இருந்தது.

ஆயிரம் யார்ட் மேட்ச். கடும் வெயில். சுகந்தி பாயில் குப்புறப் படுத்துச் சுட்டுக்கொண்டிருந்தார். இல்ஃபோர்டில் ஃபார்மசிஸ்ட். பக்கத்தில் அவருடைய கணவர் குகன், எலெக்ட்ரிகல் வேலை செய்பவர், டெலஸ்கோப்பில் காற்றைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சூட்டுக்கும் பிறகு தூரத்தில் இலக்குப் பலகையை இறக்கி, ஓட்டையைக் குறித்து, திரும்ப ஏற்றுவார்கள். பாதி மேட்ச் கடந்தபோது, சுகந்தியின் பலகை இறங்கியது, ஏறவில்லை. அவர் அடுத்த ரவுண்டை உள்ளே போட்டு, பின்பக்கத்தை அடைக்கும் போல்ட்டைப் பூட்டிவிட்டிருந்தார். சுட்டுச் சுட்டுக் கொதித்துப் போயிருந்த பரல் குழாய்க்குள் அந்தத் தோட்டா காத்துக் கிடந்தது.

ஒருவழியாகப் பலகை ஏறியது. சுகந்தி சுட்டார். போல்ட்டின் பக்கத்தால் புகை பீறி அவருடைய முகத்தில் அடித்தது.

நான் ஓடினேன். குகன் அசையவில்லை. டெலஸ்கோப்பில் கண்ணை வைத்தபடியே இருந்தார். சுகந்தி இரண்டு கைகளையும் நிலத்தில் விரித்து வைத்திருந்தார். கன்னத்தில் கறுப்பும் சிவப்புமாகப் பொட்டுகள். அவர் போட்டிருந்த கண்ணாடியின் வலது வில்லை மணலில் தேய்த்தது போல வெளுத்துப்போயிருந்தது. அதைக் கழற்ற எனக்குப் பயம். அவரே கழற்றினார். கண் இருந்தது.

"அண்ணை, எனக்கு உங்கடை சத்தம் கேக்குதில்லை" என்றார். "ஆனாக் கண் தெரியுது."

2. எது போதும் என்று சொன்னவர்

இவர்கள் இரண்டு பேரும் வசந்தத்தில் எங்கள் பட்டறைக்கு வந்தவர்கள். தூரச் சூட்டுப் போட்டிக்காரர்களில் பலர் தங்கள் ரவுண்டைத் தாங்களே வீட்டில் நிரப்புவார்கள். கேஸ் என்கிற பித்தளைக் கூடு, அதன் அடியில் பற்றவைக்கும் பிரைமர், பவுடர், புல்லட் என்று நாலு சாமான். பவுடர் எவ்வளவு, அதாவது என்ன லோட், என்பதில்தான் எல்லாச் சண்டையும். கூட்டினால் வேகம் கூடும். வேகம் கூடினால் காற்று குறைவாகத் தள்ளும். ஆனால் ஒவ்வொரு ரைஃபிளுக்கும் அதற்குப் பிடித்த அளவு இருக்கிறது. அதில் புல்லட்டுகள் ஒரே வேகத்தில் போய் ஒன்றின் பக்கத்தில் ஒன்று விழும். அதைத் தாண்டினால் மேலும் கீழுமாகச் சிதறும். இன்னும் கூட்டினால் சில ரைஃபிள்களில் மறுபடி ஒன்றுசேரும். அந்த இரண்டாவது இடம்தான் ஆசை காட்டும் இடம். அதற்கு மேலே தவறுக்கு இடமே இல்லை.

குளிரான ஒரு காலையில் சுகந்தியின் ரைஃபிளை வேகம் அளக்கும் மெஷினில் வைத்துப் பார்த்தோம். இரண்டு இடமும் தெரிந்தது.

"மேல இருக்கிறதை எடுப்பம்" என்றார் குகன். "இந்த முறை டீமுக்கு ஆள் எடுக்கினம். காத்து அடிச்சா கீழ இருக்கிறது காணாது, போதாது."

சுகந்தி இரண்டு அளவுக்கும் வேகம் குறித்த தாள்களைப் பார்த்தார். "எனக்குக் கீழ இருக்கிறது காணும், அது போதும். வெயில் காலத்திலை இந்தப் பவுடர் இன்னும் வேகமா எரிஞ்சு அமுக்கம் கூடும் எண்டு அண்ணை சொல்லுறார். பிறகு அதுக்கு எங்கை இடம் இருக்கு?"

குகன் சிரித்தார். கீழ் அளவு என்று விஷயம் முடிந்துவிட்டதாகத்தான் நினைத்தேன். வீட்டில் இரண்டு பேருக்கும் ரவுண்ட் நிரப்புகிறவர் குகன். அளவு பிசகாத கை அவருக்கு.

3. ஒரே அளவு

மேட்ச் முடிந்து ஒரு கிழமைக்குள் ரைஃபிள் எங்கள் மேசைக்கு வந்தது. போல்ட் இறுகிப்போயிருந்தது. தட்டித் திறந்தபோது கேஸின் அடிப்பக்கம் தட்டையாகி, பிரைமரில் ஊசித்துளை விழுந்திருந்தது. அதற்குள்ளால்தான் புகை வந்திருக்கிறது. முதலாளி கிரஹாம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கண்ணாடி இல்லாமல் படுத்திருந்தா, இப்ப நாங்கள் ரைஃபிளைப் பற்றிக் கதைச்சுக்கொண்டிருக்க மாட்டம்" என்றார் இங்கிலிஷில். பிறகு என்னிடம், "மிச்ச ரவுண்டைக் கழற்றிப் பவுடரை நிறுத்துப் பார்" என்றார்.

சுகந்தி மிச்சப் பெட்டியோடு வந்திருந்தார். குகன் கார் நிறுத்த இடம் தேடிப் போயிருந்தார். ஏதோ ஒரு ரவுண்டில் கை தவறிப் பவுடர் கூடுதலாகக் கொட்டியிருக்கும், அல்லது தராசு பிழைத்திருக்கும் என்று எனக்குள் ஒரு கணக்கு. முதல் ரவுண்டைக் கழற்றிப் பவுடரைத் தராசில் கொட்டினேன். தீர்மானித்த கீழ் அளவைவிட ஒரு கிரெய்னுக்கு (பவுடர் நிறுக்கும் சின்ன அலகு) கொஞ்சம் மேல். மயிரிழை போலத் தெரிந்தாலும் இந்த வேலையில் அது பெரிய அளவு. இரண்டாவதைக் கொட்டினேன். அதே அளவு. மூன்றாவதும், நாலாவதும் அதே. தசமம்கூட மாறவில்லை. கொதித்த பரலுக்குள் காத்துக் கிடந்த ஒன்றுதான் தாங்காமல் போயிருக்கிறது.

இவ்வளவு ஒழுங்காக யாரும் தவறு விடுவதில்லை.

சுகந்தி தராசைப் பார்த்துக்கொண்டே நின்றார். கதவு திறந்து குகன் உள்ளே வந்தார்.

"இது மேல இருக்கிற லோட்" என்றார் சுகந்தி.

குகன் கிரஹாமைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "டீமுக்குள்ள நீர் வரவேணும் எண்டுதான்" என்றார். "சொன்னா நீர் ஓம் எண்டு சொல்லமாட்டீர்."

"ஓம், சொல்லியிருக்கமாட்டன்." அவருடைய குரல் உயரவில்லை. "நான் ஒரு வருத்தக்காரருக்குச் சொல்லாமல் மருந்தின் டோஸைக் கூட்டினா என்னை அந்த வேலையிலை வைச்சிருக்கமாட்டினம். இது என்ரை கன்னத்துக்குப் பக்கத்திலை வெடிக்கிற சாமான், குகன்."

குகன் கதிரையை இழுத்து அதில் இருந்துவிட்டார். ரேஞ்சில் ஏன் அவர் அசையவில்லை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. புகையைக் கண்ட அந்த நிமிஷமே அவருக்குத் தெரிந்திருக்கிறது.

கிரஹாம் தேத்தண்ணி போடப் போனார். நான் தராசைத் துடைத்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

சுகந்தி சூட்டை விடவில்லை. தன் ரவுண்டைத் தானே நிரப்பத் தொடங்கினார், சனிக்கிழமைகளில், எங்கள் பெஞ்சில். திரும்ப முதல்முறை சுட்டபோது விசையில் விரல் வைக்க நெடுநேரம் எடுத்தார். அந்த முறை டீமில் இடம் கிடைக்கவில்லை. அடுத்த முறை ரிசேர்வ் ஆளாக எடுத்தார்கள். காற்றில் இடம் வலம் போனாலும் அவருடைய ஓட்டைகள் மேலும் கீழும் போவதில்லை. குகன் இப்போதும் காற்றுப் பார்த்துச் சொல்கிறார். ஆனால் சுகந்தி என்ன லோட் சுடுகிறார் என்று அவர் கேட்டு நான் பார்த்ததில்லை.

இந்தத் தொழிலுக்கு வரும் இளம் ஆட்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். வேகத்தை எப்படிக் கூட்டலாம் என்று யாராவது வந்து கேட்டால், பவுடரைப் பற்றிப் பேச முன், "இதை ஆர் சுடப்போகினம்?" என்று கேளுங்கள். "என்ரை மனிசி" என்றோ "மகன்" என்றோ மறுமொழி வந்தால், அவர்களைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள். அவர்கள் வந்து நிற்கும்வரை வேகம் அளக்கும் மெஷினைப் போடாதீர்கள்.