பழக்கம்

ரெட்டிபாளையம் போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சவூதியில் பல வருடம் லாரி ஓட்டியவர். நரைத்த மீசை, கசங்காத சட்டை. எதிரே சிமெண்ட் லாரி வரும்போதெல்லாம் அவருடைய வலது கால் பிரேக்கைத் தேடித் தரையை அழுத்தியது. நான் கவனிப்பதைப் பார்த்துவிட்டார்.

"அங்க ரோட்டுல வலப்பக்கந்தாங்க போவணும். ஊருக்கு வந்த புதுசுல, காலி ரோடுதானேன்னு பைக்க வலப்பக்கமே ஓட்டிட்டேன். பின்னால சம்சாரம். வளைவுல லாரி வந்துடுச்சு. நான் மட்டுந்தான் எந்திரிச்சேன்."

குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. பிறகு என்னைக் கேட்டார்:

"ஏங்க, நாட்டுக்கு நாடு ஏன் மாத்தி வச்சிருக்காங்க?"

"வெள்ளைக்காரன் இடப்பக்கம் போனான். நாம அப்படியே வச்சுக்கிட்டோம். அங்க வேற பழக்கம்."

"வேற காரணம் இல்லீங்களா?"

"எனக்குத் தெரிஞ்சு இல்லீங்க."

தலையாட்டிவிட்டு இறங்கினார். ஜன்னல் வழியே பார்த்தேன். சாலையைக் கடக்க முதலில் இடப்பக்கமே திரும்பிப் பார்த்தார். லாரிகள் வலப்பக்கமிருந்து வந்துகொண்டிருந்தன.