மாமா சொன்ன சூட்டுப்புண்

சக்குபள்ளத்து ஏலக்காய்த் தோட்டத்தில் மழை இறங்கினால் அட்டையும் இறங்கிவிடும். அம்மா வெற்றிலையோடு புகையிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டுதான் காய் எடுக்கப் போவாள். காலில் அட்டை ஏறினால் அந்தச் சாற்றைத் துப்புவாள், சுருண்டு விழும். தோட்டத்துப் பெண்கள் எல்லாருக்கும் அதுதான் மருந்து. புகையிலையை வாராவாரம் கொண்டுவந்து கொடுப்பவர் எங்கள் கங்காணி. அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன், என் மாமா. அப்பா இறந்த பிறகு போடிமெட்டு வழியாக எங்களை மலைக்குக் கூட்டிவந்தவரும் அவர்தான். அம்மாவுக்கு அவர் சொன்னால் சொன்னதுதான்.

ஐம்பதுகளின் நடுவில் ஒரு மழைக்காலம். காரம் பட்டால் அம்மாவுக்கு வாய் எரிந்தது. தோட்டத்து டாக்டர் மலையாளி. அவருக்குத் தமிழ் தெரியாது, எங்களுக்கு மலையாளம் தெரியாது. கங்காணி நடுவில் நின்று மாற்றிச் சொல்வதுதான் அங்கே வழக்கம். டாக்டர் கன்னத்தை விலக்கி, உள்ளே இருந்த வெள்ளைத் திட்டை அழுத்திப் பார்த்தார். பிறகு கையை ஆட்டி ஆட்டி வெகுநேரம் பேசினார்.

மாமா எங்கள் பக்கம் திரும்பினார். "ஒண்ணுமில்ல புள்ள. சூட்டுப்புண்ணாம். தேன் தடவு."

"அம்புட்டு நேரம் பேசுனாரேண்ணே?"

"மலையாளம் அப்பிடித்தான் இழுக்கும்."

அம்மா சிரித்தாள், நானும் சிரித்தேன்.

அடுத்த வருஷம் திட்டு தடித்துப் புண்ணானது. சோறு இறங்கவில்லை. மாமா ஊருக்குப் போயிருந்ததால் நானே அவளை அழைத்துப் போனேன். அதற்குள் பள்ளிக்கூடத்தில் எனக்கு மலையாளம் வந்திருந்தது. பார்த்ததும் டாக்டருக்குக் கோபம் வந்தது. புகையிலையை அன்றைக்கே நிறுத்தச் சொன்னேனே, பெரிய ஆஸ்பத்திரியில் திட்டை வெட்டி எடுத்தால் பிழைக்கலாம் என்றேனே, கங்காணி சொல்லவில்லையா என்று கேட்டார். இப்போது முற்றிவிட்டது என்றார்.

ஒரு சொல் விடாமல் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன்.

"அண்ணன் மறந்திருக்கும்" என்றாள்.

மறந்தாராம்! காய் எடுக்கும் நேரத்தில் ஆள் குறைந்தால் கங்காணிக்கு வரும்படி குறையும், அது அவருக்கு மறக்கவில்லை. வாராவாரம் புகையிலை கொடுக்கவும் மறக்கவில்லை. பாவி மனிதர்.

அம்மா போனபோது மாமா பிறந்த வீட்டுக் கோடியோடு வந்தார். மாரில் அடித்துக்கொண்டு அழுதார். வாய்க்கரிசி போட அரிசியை அள்ளிக்கொண்டு குனிந்தவரின் கையைப் பிடித்தேன்.

"அந்த வாய்கிட்ட வராதீங்க மாமா."

புள்ளைக்கு என்ன ஆச்சு என்று எல்லாரும் பதறினார்கள். டாக்டர் சொன்னதை முதலிலிருந்து சொன்னேன், அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன். நாங்கள் அம்மாவைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போதும் அரிசி அவர் கையிலேயே இருந்தது.